ஜிஐ குழாய் 200 பார் தாங்குமா? காற்றுத் துப்பாக்கிக் குழாய்க்கு எந்த உலோகம்

2024 ஜனவரி 21

பண்டாரவளைப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். பேச்சு குண்டு போகிற குழாயைப் பற்றி அல்ல, காற்றை அடைத்துவைக்கிற குழாயைப் பற்றி. ஜிஐ என்பது நாகம் பூசிய இரும்புத் தண்ணீர்க் குழாய். பிசிபி என்பது உயர் அழுத்தக் காற்றை முன்பே அடைத்துவைத்துச் சுடுகிற துப்பாக்கி. அவர் எழுதியதை அப்படியே போடுகிறேன்:

"ஒரு அங்குல ஜிஐ குழாய், மீடியம் கிளாஸ். வெளிவிட்டம் 33.7 மிமீ, சுவர் 3.2 மிமீ. 200 பார் காற்று அடைத்தால் சுவரில் வரும் இழுவை 85 மெகா பாஸ்கல்தான். அந்த இரும்பு 195 வரை நெளியாமல் நிற்கும் என்கிறார்கள். இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறதே! பிறகு ஏன் பிசிபி துப்பாக்கி செய்கிறவர்கள் எல்லாரும் விலை கூடிய அலுமினியக் குழாயைத் தேடி ஓடுகிறார்கள்?"

தம்பி, உங்கள் பெருக்கல் வகுத்தலில் பிழை இல்லை. அழுத்தத்தை (200 பார் என்றால் 20 மெகா பாஸ்கல்) உள்விட்டத்தால் பெருக்கிச் சுவரின் இரு மடங்கால் வகுத்தால் 85 தான் வருகிறது. ஆனால் அந்தச் சூத்திரம் சுவர் முழுக்க ஒரே உலோகம், ஒரே கனம் என்று நம்பிப் போட்டது. ஜிஐ குழாய் அப்படிப் பிறக்கவில்லை. தகட்டைச் சுருட்டி, ஓரத்தோடு ஓரம் வைத்து வெல்டிங்கில் ஒட்டி, நாகத்தில் முக்கி எடுத்தது. அதைச் செய்கிற ஆலையே 50 பார் தண்ணீர் அழுத்தத்துக்குத்தான் சோதித்து அனுப்புகிறது. நீங்கள் கேட்பது அதற்கு நான்கு மடங்கு, அதுவும் தண்ணீர் இல்லை, காற்று.

இன்னொன்று. மூடிய குழாய்க்குள் அழுத்தம் ஏறும்போது சுவரைச் சுற்றி வரும் இழுவை, நீளவாக்கில் வரும் இழுவையைப் போல இரண்டு மடங்கு. அதனால் குழாய் கிழிந்தால் நெருப்பில் போட்ட மூங்கில் மாதிரி நீளவாக்கில்தான் பிளக்கும். ஒட்டுச் சீமும் நீளவாக்கில்தான் ஓடுகிறது. குழாய் கிழிய விரும்பும் கோடும், மனிதன் ஒட்டிவைத்த கோடும் ஒன்றாகிவிடுகின்றன.

நான் 31 வருடம் தேயிலை ஸ்டோரில் (தொழிற்சாலையில்) பிட்டராக இருந்தேன். இப்போது ஹட்டன் பக்கம் ஒரு சின்ன லேத் பட்டறை. காற்றுத் துப்பாக்கிக் குழாயில் கை வைத்த அனுபவம் இங்கிலாந்தில் இருக்கிற மச்சானோடு வந்தது. அவர் அங்கே கிளப்பில் இலக்குச் சுடுகிறவர். அங்கே இருந்த மூன்று மாதமும் அவருடைய கராஜில்தான் எனக்குப் பொழுது போனது. அதில் தெரிந்ததை ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

2024 ஜனவரி 21, இரவு

ஒன்றை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அனுமதிப் பத்திரம் இல்லாமல் துப்பாக்கி செய்வது இலங்கையில் குற்றம். காட்டுப்பன்றி கரட் பாத்தியைக் கிளறிவிட்டது என்ற கோபம் எனக்குப் புரிகிறது. என் தங்கச்சி வீட்டு லீக்ஸ் பாத்தி போன மாதம் ஒரே இரவில் போனது. ஆனாலும் கச்சேரியில் (மாவட்ட அரச அலுவலகத்தில்) கேட்டு, கடதாசி கைக்கு வந்த பிறகுதான் மற்ற எல்லாம். அது இல்லாமல் என் லேத்தில் ஒரு புரிகூட வெட்டமாட்டேன்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 12 அடி-பவுண்ட் சக்திக்குள் இருக்கிற காற்று ரைபிளுக்குத் துப்பாக்கிச் சான்றிதழ் வேண்டியதில்லை. ஸ்கொட்லாந்தில் 2016 கடைசியிலிருந்து அதற்கும் சான்றிதழ் வேண்டும். மச்சான் செய்வது அவர் ஊர்ச் சட்டத்துக்குள். இங்கே அந்தக் கதை செல்லாது.

2024 ஜனவரி 25

"அவ்வளவு சின்னக் குழாய் வெடித்தால் என்ன ஆகிவிடும்?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். இந்தக் கேள்வியை அலட்சியமாகக் கேட்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

200 மில்லிலீட்டர் கொள்ளளவு என்று வைத்துக்கொள்வோம், ஒரு தேநீர்க் கோப்பை அளவு. அதில் 200 பார் காற்று அடைத்தால், திடீரென்று திறக்கும்போது வெளிவரக்கூடிய சக்தி ஏறக்குறைய 8,000 ஜூல். 80 கிலோ ஆள் ஒருவர் 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற சக்தி அது. அதே கோப்பையில் அதே 200 பாருக்குத் தண்ணீரை அழுத்தினால் தேங்கி நிற்பது 18 ஜூல் அளவுதான். தண்ணீர் சுருங்கவே சுருங்காத மாதிரி, அதனால் சக்தியைப் பிடித்து வைப்பதில்லை. சிலிண்டர் சோதிக்கிற இடங்களில் தண்ணீரால் சோதிப்பதற்குக் காரணம் இதுதான். காற்றை அடைத்து "தாங்குதா பார்ப்போம்" என்று பார்ப்பது சோதனை இல்லை.

எங்கள் சந்தியில் ஒரு டயர்கடை. கொம்பிரஷர் டாங்கியின் அடியில் தண்ணீர் தேங்கித் தேங்கித் தகடு உள்ளே தின்று போயிருந்தது, ஒருவரும் வடித்துவிடவில்லை. ஒரு காலை ஏழு மணிக்கு டாங்கி அடியோடு திறந்தது. 8 பார்தான் இருந்திருக்கும். கூரைத் தகரம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் தேயிலை மலையில் கிடந்தது. நல்ல வேளை, பையன் பாண் வாங்கப் போயிருந்தான். நான் போய்ப் பார்த்தபோது டாங்கியின் அடித் தகடு கிழிந்த ஓரத்தில் அப்பளம் மாதிரி இருந்தது. விரலால் அழுத்தினால் துகள் உதிர்ந்தது. மேல் பக்கம் புதுப் பெயின்ட்.

2024 பெப்ரவரி 4

சரி, உலோகத்துக்கு வருவோம். ஒரு உதாரணக் குழாயை எடுத்துக்கொள்கிறேன்: உள்விட்டம் 25, வெளிவிட்டம் 30, சுவர் 2.5 மிமீ. 200 பாருக்கு, தம்பி போட்ட அதே கணக்கில் இழுவை 100 மெகா பாஸ்கல். வட்டமான எண், ஒப்பிட வசதி.

6061-டி6 அலுமினியம் (6061 என்பது கலவையின் எண்) 276 மெகா பாஸ்கல் வரை நெளியாது. இரண்டே முக்கால் மடங்கு. ஒட்டில்லாத குழாயாகக் கிடைக்கும், லேத்தில் வெண்ணெய் மாதிரி வெட்டும், இரும்பில் மூன்றில் ஒரு பங்கு எடை. மச்சானுடைய துப்பாக்கியில் இருந்ததும் இதுதான். ஆனால் "டி6" என்ற அந்த இரண்டு எழுத்தில்தான் உயிர் இருக்கிறது. அது சூடாக்கிக் குளிர்வித்துப் பதப்படுத்தியதன் பெயர். அதே 6061 பதப்படுத்தாமல் மென்மையாக இருந்தால் வலிமை ஐந்தில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். கண்ணால் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது. டி6 குழாயில் யாராவது வெல்டிங் வைத்தால் அந்த இடம் மறுபடி மென்மையாகிவிடும். அலுமினியக் காற்றுக் குழாயில் வெல்டிங் பொறி விழவே கூடாது.

7075-டி6 அலுமினியம் 500 வரை. எண்ணைப் பார்த்து மயங்கி வாங்குகிறார்கள். எனக்கு அதில் இஷ்டம் இல்லை. இழுவையும் ஈரமும் சேர்ந்து நாள்பட இருந்தால் உள்ளுக்குள் விரிசல் விடுகிற குணம் அதற்கு உண்டு.

304 ஸ்டெயின்லெஸ், மென்மையாக்கிய நிலையில், 205 அல்லது 215. எண் சின்னது. ஆனால் நெளியத் தொடங்கிய பிறகும் அறுபடாமல் நீள்கிற உலோகம் இது. நீளத்தில் 40 சதவீதம் வரை இழுபடும், 500ஐத் தாண்டித்தான் அறும். வீங்கிக் காட்டும், கசிந்து காட்டும், அப்புறம்தான் கிழியும். எனக்கு அந்தக் குணம் பிடிக்கும்.

குரோம்-மொலி இரும்பு, 4130 என்பார்கள். பதமான நிலையில் 430க்கு மேல். சுவரை மெல்லியதாக்கலாம், ஆனால் உள்ளே துரு பிடிக்கும். இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், இன்னொரு நாள்.

டைட்டானியம்: இருக்கிறவர்கள் வாங்கட்டும்.

2024 பெப்ரவரி 6

போன குறிப்பில் திருத்தம். உள்விட்டத்தை வைத்துக் கணக்குப் போட்டது மெல்லிய சுவருக்குத்தான் ஒத்துவரும். 25க்கு 30 என்பது அவ்வளவு மெல்லியது அல்ல. தடித்த சுவருக்கான கணக்குப் போட்டால் உள் முகத்தில் 111 வருகிறது. சுருக்கு வழி: உள்விட்டத்துக்குப் பதில் நடு விட்டத்தை, அதாவது 27.5ஐப் போடுங்கள், 110 வரும். 6061-டி6 இன் பாதுகாப்பு இரண்டே முக்கால் மடங்கு அல்ல, இரண்டரை மடங்கு. தம்பியின் ஜிஐ கணக்கும் 85 இலிருந்து 95க்கு ஏறுகிறது. இரண்டு மடங்கு என்பது கடதாசியில் இன்னும் நிற்கிறது. குழாயில் நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

2024 பெப்ரவரி 18

நேற்று நுவரெலியாவில் இருந்தேன். காலையில் புல்லில் வெள்ளையாகப் பனி உறைந்திருந்தது. இந்தக் குளிரும் மூடுபனியும் காற்றுக் குழாய்க்கு என்ன செய்யும் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். அங்கே காற்று கொழும்பை விட ஐந்தில் ஒரு பங்கு மெலிது. கைப்பம்பால் அடிக்கிறவருக்கு ஒவ்வொரு அடியிலும் ஐந்தில் ஒரு பங்கு குறைவாகத்தான் காற்று உள்ளே போகும். நானூறு அடியில் நிறைவது ஐந்நூறுக்குப் போகும். குழாயை 30 பாகையில் 200 பாருக்கு நிரப்பி, விடியற்காலை 5 பாகைக்கு வந்தால் கேஜ் 183ஐக் காட்டும். கசிவு என்று பதறி மேலும் அடைக்கக் கூடாது. மறுநாள் வெயிலில் வைத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஈரம்தான் பெரிய விஷயம். 200 மில்லிலீட்டர் குழாயை 200 பாருக்கு நிரப்ப 40 லீட்டர் வெளிக்காற்று வேண்டும். நம் மூடுபனிக் காற்றில் அந்த 40 லீட்டருக்குள் அரைக் கிராம் தண்ணீர் இருக்கும், ஏறக்குறையப் பத்துச் சொட்டு. அழுத்தும்போது அது ஆவியாக இருக்க முடியாது, தண்ணீராக இறங்கும். பம்பின் வடிப்பான் பெரும்பகுதியைப் பிடிக்கும். பிடிக்காதது குழாயில் போய் உட்காரும். டயர்கடை டாங்கிக்கு நடந்த அதேதான், சின்ன அளவில். குரோம்-மொலிக் குழாய் மலைநாட்டுக்கு ஒத்துவராது என்று நான் நினைப்பது இதனால்தான்.

அலுமினியம் துருப்பிடிக்காது என்று சந்தோஷப்பட வேண்டாம். எனக்கு வேலை பழக்கியவர் ஸ்டோரில் ஒரு அலுமினிய வாளியைக் காட்டினார். புதிதாக வந்த ஒருவர் அதில் மயில்துத்தம் (செம்பு உப்பு) கரைத்து ஓர் இரவு வைத்துவிட்டார். காலையில் வாளியின் அடி சல்லடை. உள்ளே செம்பு நிறத்தில் பாசி மாதிரி ஒரு படிவு, அதை நகத்தால் சுரண்டினால் ஓட்டைக்குள் வெளிச்சம். 1946இல் தேயிலைக் கொப்புள நோய் இந்த மலைக்கு வந்ததிலிருந்து செம்பு மருந்து தேயிலையோடு ஒன்றாகவே இருக்கிறது. உருளைக்கிழங்குத் தோட்டத்திலும் அதுதான். மருந்து அடித்த கையோடு அலுமினியத்தைத் தொடுகிற ஊர் இது. குழாயை அனோடைஸ் பண்ணியிருந்தாலும் (மின்சாரத்தால் பாதுகாப்புத் தோல் ஏற்றுவது) புரியிலும் துளை ஓரத்திலும் அது உரிந்திருக்கும். தொட்டால் துடையுங்கள், மருந்து அறையில் வைக்காதீர்கள்.

2024 மார்ச் 2

பண்டாரவளைத் தம்பி அந்த ஜிஐ குழாயையே கொண்டுவந்துவிட்டார். தண்ணீர் லைனுக்கு வாங்கிய ஆறு மீட்டரில் மிஞ்சிய ஒன்றரை மீட்டர், புதுசு. "ஐயா, நீங்கள் சொல்வதை நம்புகிறேன், ஆனால் கண்ணால் பார்க்க வேண்டும்" என்றார். கேட்டது நியாயம்.

நான்கு துண்டு வெட்டினோம். ஒன்றை எடுத்து வைத்துவிட்டு மூன்றுக்கு இரு பக்கமும் கனத்த தகடு வெல்ட் வைத்து, ஒரு பக்கம் நிப்பிள். 700 பார் போகிற ஹைட்ராலிக் கைப்பம்ப் ஒன்றைத் தெரிந்த கராஜிலிருந்து இரவல் வாங்கினேன். துண்டுக்குள் எண்ணெய் ஊற்றிக் காற்றுக் குமிழ் ஒன்றுகூட இல்லாமல் வடித்துவிட்டு, மண்மூட்டைகளுக்கு நடுவே வைத்து, சுவருக்கு இந்தப் பக்கம் நின்று அடித்தோம்.

முதல் துண்டு 200, 300, 400. ஒன்றும் ஆகவில்லை. இறக்கிவிட்டு அளந்தால் விட்டத்தில் மாற்றம் இல்லை. இரண்டாவது துண்டும் அப்படியே.

தம்பி ஒன்றும் பேசவில்லை, ஆனால் முகம் மலர்ந்திருந்தது. எனக்கு இரவு தூக்கம் வரவில்லை. நான் சொன்னது தேவைக்கு மேல் பயமோ? ஒட்டுக் குழாய் என்றாலே மட்டம் என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேனோ? இன்றைய ஆலைகள் ஒட்டை நன்றாகத்தான் ஒட்டுகின்றன. மூன்றாவதையும் பார்த்துவிட்டு எழுதியிருக்கலாம். இருட்டிவிட்டது, தம்பிக்கும் கடைசி பஸ்.

2024 மார்ச் 3

மூன்றாவது துண்டு 240 பாரில் திறந்தது.

சத்தம் பெரிதாக இல்லை, எண்ணெய் என்பதால். ஒரு "டக்", கேஜ் முள் பூச்சியத்துக்கு விழுந்தது. மண்மூட்டையில் எண்ணெய் ஈரம். எடுத்துப் பார்த்தால் சீம் ஓரமாக ஒரு விரல் நீளத்துக்கு வாய். ஹேக்ஸோவால் அந்த இடத்தைக் குறுக்கே வெட்டி, அரம் போட்டு மெருகேற்றி, பூதக்கண்ணாடியில் பார்த்தேன். சுவரில் வெளிப்பக்கம் பாதிக் கனம் பளபளவென்று புதிதாகக் கிழிந்த இரும்பு. உள்பக்கம் பாதி சாம்பல் நிறம். அங்கே ஓரமும் ஓரமும் ஒட்டவே இல்லை, ஆலையிலிருந்து வந்த நாளிலிருந்து. அதற்குப் பக்கத்தில் உள்ளே வழிந்த ஒட்டுக் கசடு ஒரு நூல் மாதிரி ஓடியது. தொட்டால் நகம் தடுக்கிறது. ஓரிங் (காற்றுக் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) வைத்தால் அந்த நூலில் முதல் நாளே வெட்டுப்படும்.

அதே குழாய், அதே ஒன்றரை மீட்டர். இரண்டு துண்டு 400 தாங்கியது, ஒன்று 240இல் திறந்தது. தண்ணீர் லைனுக்கு மூன்றும் நல்ல குழாய், 50 பார் சோதனையில் மூன்றும் தேறியிருக்கும். ஆலை செய்த வேலையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, அவர்கள் விற்றது தண்ணீர்க் குழாய்.

தம்பி அந்தத் துண்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஐயா, முதல் துண்டோடு நிறுத்தியிருந்தால் நான் இதைத்தான் கன்னத்தில் வைத்திருப்பேன்" என்றார். ரைபிளில் முகத்தை எங்கே வைக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள்.

2024 மார்ச் 5

கேட்டவர்களுக்குச் சுருக்கமாக. கடையில் கிடைக்கிற ஸ்டெயின்லெஸ் குழாய் பெரும்பாலும் படிக்கட்டுக் கைபிடிக்கு வருவது. அதுவும் ஒட்டுக் குழாய்தான், மெல்லிய சுவர். 304 என்று சொல்லி மலிவான 201 ரகத்தைத் தருவதும் உண்டு. காந்தம் வைத்து இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது, ஒட்டாதது எல்லாம் 304 அல்ல. பிவிசியைப் பற்றி ஒருவர் கேட்டார்: வேண்டாம். 10 பாருக்கும் வேண்டாம். கண்ணாடி மாதிரி நொறுங்கித் துண்டு பறக்கும்.

2024 மார்ச் 17

குழாய்ச் சுவரையே பேசிக்கொண்டிருக்கிறோம், இரண்டு முனையையும் மறந்துவிட்டோம்.

25 மிமீ உள்விட்டம், 200 பார்: முனை அடைப்பை வெளியே தள்ளுகிற விசை ஏறக்குறைய ஒரு டொன். தேயிலைத் தூள் மூட்டை இருபதை ஒரு சோடா மூடி அளவு அடைப்பின் மேல் அடுக்கிய மாதிரி. மச்சானுடைய துப்பாக்கியில் முன்பு வேறொருவர் செய்த அடைப்பு இருந்தது. புரியின் அடி கூர்மையான "வி" வடிவம். புரி முடிகிற இடத்தில் லேத் முனையை அப்படியே நிறுத்தி எடுத்திருக்கிறார்கள், கத்தி வைத்து அரிந்த மாதிரி ஒரு கோடு. விரிசல் பிறக்க அதைவிட நல்ல தொட்டில் கிடையாது. நாங்கள் அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாகச் செய்தோம். புரி முடிகிற இடத்தில் வட்டமான பள்ளம்.

ஓரிங் எந்தப் பக்கம் என்பதும் முக்கியம். காற்றுக்கும் புரிக்கும் நடுவே இருக்க வேண்டும். அப்போது புரி வெட்டி மெலிந்த சுவருக்கு விரிக்கிற அழுத்தம் போய்ச் சேராது, நீளவாக்கு இழுவை மட்டும்தான். ஓரிங்கைப் புரிக்கு வெளியே வைத்தால் மிக மெலிந்த இடத்தில் முழு அழுத்தமும் நிற்கும். ஒரு சின்ன வளையம், இரண்டு சென்டிமீட்டர் இடமாற்றம், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஓரிங்குக்குச் சிலிக்கோன் கிறீஸ் மட்டும். மோட்டார் சயிக்கிள் கிறீஸ், எண்ணெய் எதுவும் வேண்டாம். உயர் அழுத்தக் காற்று திடீரென்று நுழையும்போது சூடேறும், டீசல் இஞ்சினில் போல எண்ணெய் உள்ளேயே தீப்பிடிக்கும்.

கேஜ் வைக்கக் குழாய்ச் சுவரில் துளை போடாதீர்கள். முனை அடைப்பில் போடுங்கள், அங்கே உலோகம் தாராளமாக இருக்கிறது.

2024 ஏப்ரல் 15

புத்தாண்டுக்குப் பிள்ளைகள் வந்திருந்தார்கள், அதனால் தாமதம்.

நான் பெப்ரவரி 4இல் 6061ஐப் பற்றி எழுதியதில் ஒரு பெரிய ஓட்டை. இரண்டரை மடங்கு என்பது ஒரு தடவை அடைப்பதற்கான கணக்கு. துப்பாக்கிக் குழாயை அடைத்து, சுட்டு, மறுபடி அடைத்து, வாரத்தில் பத்துத் தடவை, வருடத்தில் ஐந்நூறு. இரும்புக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குக் கீழே இழுத்து விட்டால் எத்தனை லட்சம் தடவை என்றாலும் களைக்காது. அலுமினியத்துக்கு அப்படி எல்லை கிடையாது. குறைந்த இழுவையானாலும் ஒவ்வொரு தடவையும் கணக்கில் சேரும். அதற்காக அது கூடாது என்பதல்ல. கடலுக்குள் இறங்குகிற சுழியோடிகளின் அலுமினிய மூச்சுக்காற்று சிலிண்டர் எல்லாம் பாவனையில் இருக்கின்றனவே. ஆனால் அவற்றுக்குத் தடித்த சுவர், குறிப்பிட்ட வருடத்துக்கு ஒருமுறை தண்ணீர்ச் சோதனை.

அந்த சிலிண்டர்களில் பல ஒரு காலத்தில் 6351 என்ற கலவையில் செய்யப்பட்டவை. நிரப்பி வைத்த இழுவையிலேயே கழுத்துப் பக்கம் மெல்ல மெல்ல விரிசல் விட்டது, சில வெடிக்கவும் செய்தன. அதனால்தான் 6061க்கு மாறினார்கள். எனவே என் கருத்தை இப்படி மாற்றிக்கொள்கிறேன்: 6061-டி6 சரி, 25 மிமீ உள்விட்டத்துக்கு 2.5 சுவர் போதாது, 3.5 ஆவது இருக்கட்டும். இழுவை 81க்கு இறங்கும். கொஞ்சம் எடை கூடும், கூடட்டும்.

7075ஐப் பற்றி ஒருவர் என்னோடு சண்டைக்கு வந்தார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. டி73 என்ற பதத்தில் அந்த விரிசல் குணம் வெகுவாகக் குறைகிறது, வலிமையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து. நான் பொதுவாக 7075 என்று ஒதுக்கியது தவறு, டி6 பதத்தை ஒதுக்குகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். நம் ஈரத்துக்கு இன்னும் என் மனம் அதில் போகவில்லை.

2024 மே 12

மழை. லைட்டும் இல்லை. பழைய கதை ஒன்று எழுதலாம்.

1780 அளவில் ஒஸ்திரிய இராணுவம் ஜிரார்டோனி என்றொரு காற்று ரைபிளை எடுத்தது. துப்பாக்கியின் பின்கட்டையே காற்றுக் குப்பி. இரும்புத் தகட்டை மடித்து, ஆணி அறைந்து, பித்தளை ஊற்றி ஒட்டியது. நிரப்ப ஏறக்குறைய 1,500 பம்ப் அடி, பின் முப்பது தடவை வரை சுடலாம். அழுத்தம் 55 பார் அளவுதான். 1804இல் அமெரிக்காவைக் குறுக்கே கடக்கப் போன லூயிஸ், கிளார்க் குழுவினரும் ஒரு காற்று ரைபிள் கொண்டு போனார்கள்.

அந்தக் காலத்துக் கொல்லர்கள் பட்ட பாட்டை நினைத்துப் பார்க்கிறேன். துப்பாக்கியின் மற்ற பாகமெல்லாம் கடிகாரம் மாதிரி வேலைப்பாடு. அவர்களைத் தோற்கடித்தது அந்த ஒட்டுக் குப்பிதான், கசியாமல் செய்வது அவ்வளவு கஷ்டம். இருநூற்று நாற்பது வருடம் கழித்து என் பட்டறையில் மூன்றாவது துண்டும் அதே ஒட்டில்தான் திறந்தது.

2024 மே 19

ஹைட்ராலிக் சிலிண்டருக்கு வருகிற உள் மெருகேற்றிய குழாயைப் பற்றி எழுத மறந்துவிட்டேன். இழுத்துச் செய்த ஒட்டில்லாத இரும்பு, 400 மெகா பாஸ்கலுக்கு மேல், உள்ளே ஓரிங்குக்கென்றே கண்ணாடி மாதிரி. பிறந்ததே அழுத்தத்துக்கு. கனம்தான் குறை, துருவும். உள்ளே காய்ந்த காற்று மட்டும் போகும் என்று உறுதி இருந்தால், மேசையில் வைத்துச் சுடுகிறவருக்கு இதைவிட நிம்மதியான குழாய் இல்லை என்பேன்.

எந்தக் குழாயானாலும் பிறப்புக் கடதாசி கேளுங்கள். உருக்கிய தொகுதியின் இலக்கம், கலவை, பதம், இழுவைச் சோதனை எண், எல்லாம் அதில் இருக்கும். கொழும்பு பஞ்சிகாவத்தையில் எந்த வாகனத்தின் எந்தப் பாகமும் கிடைக்கும். நானே பாதி பட்டறையை அங்கேதான் வாங்கினேன். ஆனால் பழைய குழாய்க்கு அந்தக் கடதாசி கிடைக்காது. அது எத்தனை தடவை இழுபட்டது, எங்கே அடிபட்டது, யார் சூடு வைத்தார்கள் என்று குழாய் சொல்லாது.

2024 ஜூன் 9

மச்சான் புதுக் குழாய் போட்டுவிட்டார். 25க்கு 32, 6061-டி6, கடதாசியோடு வந்தது. பழைய 30 மிமீக் குழாயைத் தூக்கிப் போடும் முன் அதையும் கடைசியாக ஒருமுறை சோதிப்போம் என்றேன். வீடியோவில் நான் இங்கே, அவர் அங்கே சோதனைக் கடையில்.

தண்ணீர் நிரப்பி 300 பார். அடைக்கும் முன் மைக்ரோமீட்டரில் 30.01. அழுத்தத்தில் 30.06. கணக்கும் 0.05 தான் சொல்கிறது. இறக்கிய பிறகு 30.01க்கே வந்திருக்க வேண்டும். மச்சான் துடைத்துவிட்டு அளந்தார், 30.01. நடுவில், முன்னால், பின்னால் எல்லாம் சரி. பழைய கேஜ் துளைக்குப் பக்கத்தில் மட்டும் 30.03. மறுபடி அளக்கச் சொன்னேன். 30.03.

ஏழு வருடம் அந்தக் குழாயோடு கன்னத்தை வைத்திருக்கிறார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவர் அதைக் குறுக்கே மூன்றாக அறுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார், வேறு யாரும் எடுத்துப் பொருத்திவிடக் கூடாதென்று. புதுக் குழாயில் சோதித்த மாதமும் வருடமும் அடைப்பின் முகத்தில் குத்தியிருக்கிறார், சுவரில் அல்ல.

2024 ஜூன் 10

பண்டாரவளைத் தம்பிக்கு: மிச்சம் ஒரு துண்டு ஜிஐ என்னிடம் இருக்கிறது, திறந்த அந்தத் துண்டை நான் லேத்துக்கு மேல் தொங்கவிட்டிருக்கிறேன், அதைக் கேட்காதீர்கள். மற்றதைப் போஞ்சிப் பந்தலுக்கு எடுத்துப் போங்கள். கச்சேரிக் கடதாசி வந்தால் சொல்லுங்கள், எந்தக் குழாய் வாங்குவது என்று சேர்ந்து பார்ப்போம். அதுவரை பன்றிக்கு வேலிதான். கம்பி இழுக்க ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன்.